உட்கார்ந்து செய்யும் வேலை

கங்கம்மாளுக்கு அந்த லாண்டரியில் வேலை கிடைத்ததற்குக் காரணம் அவள் பழவேற்காட்டுப் பெண் என்பதுதான். முதலாளி ஹபிபுல்லாவுக்கும் பழவேற்காடுதான் சொந்த ஊர். கவரைப்பேட்டைக்கும் கும்மிடிப்பூண்டிக்கும் நடுவில், ரோட்டை ஒட்டி இருந்த பழைய நெல் குடோன் ஒன்றை வாங்கி, பாய்லர் வைத்து, மெட்ராஸிலிருந்து இரண்டு பெரிய சலவை டிரம்களை லாரியில் கொண்டுவந்து இறக்கியிருந்தார். அறுபத்தாறாம் வருஷம் அது. ஓட்டல் விரிப்புகளும் தலையணை உறைகளும் ஆஸ்பத்திரிப் போர்வைகளும் மூட்டை மூட்டையாக வந்துகொண்டிருந்தன.

வேலை கேட்டு வாசலில் நின்றவளை அவர் ஏற இறங்கப் பார்த்தார்.

"எந்த ஊரும்மா?"

"கட்டிக் குடுத்தது கவரைப்பேட்டை, பாய். பொறந்தது பழவேற்காடு."

"யார் ஊட்டுப் பொண்ணு?"

"வலைக்கார நாகமுத்து பொண்ணு."

"நாகமுத்துவா! எங்க வாப்பா தோணியில ஓடினவராச்சே. நாளைக்கே வா."

அவ்வளவுதான் பேச்சு. அவளுக்கு அப்போது பத்தொன்பது வயது. புருஷன் திருமலை நெல் மில்லில் மூட்டை தூக்கினான். அதிகம் பேசமாட்டான். பேசினாலும் பாதியில் நிறுத்திவிட்டு மீதியை அவளே புரிந்துகொள்ளட்டும் என்பதுபோல் பார்ப்பான். "ஏரியில மீன் புடிச்ச கையி, இப்ப ஊரான் அழுக்கைத் தொவைக்கிதா" என்று தெருவில் ஒருத்தி குத்தலாகக் கேட்டபோது கங்கம்மாள் சிரித்துவிட்டாள். "மீன் நாத்தத்துக்கு சோப்பு நாத்தம் தேவலக்கா" என்றாள்.

ஆனால் வேலை சுலபமில்லை. சோடாத் தொட்டியின் அருகில் காலை எட்டு மணிக்கு நின்றால் சாயங்காலம் ஆறு மணிக்குத்தான் நகர முடியும். சிமெண்டுத் தரையில் சோப்புத் தண்ணீர் கால் வழுக்கும். ஒருபக்கம் பாய்லர் சூடு, இன்னொரு பக்கம் கொதிக்கக் கொதிக்க ஆவி. சலவைச் சோடா விரலிடுக்குகளை அரித்து எடுத்துவிடும். சோறு பிசைந்தால் உப்பும் காரமும் பட்டு எரியும். பெண்கள் எல்லோரும் கரண்டியால் சாப்பிடப் பழகியிருந்தார்கள்.

மறுவருஷம் பேட்டரி கம்பெனியின் துணிகள் வர ஆரம்பித்தன. கும்மிடிப்பூண்டிப் பக்கம் புதிதாக வந்த கம்பெனி அது. பேட்டரிக்கு உள்ளே வைக்கும் தகடுகளை அங்கே செய்தார்கள். வேலையாட்களுக்கு நீலச் சட்டையும் பேண்ட்டும் கொடுத்திருந்தார்கள். அந்த உடுப்பை யாரும் வீட்டுக்கு எடுத்துப் போகக் கூடாது, ஷிப்டு முடிந்ததும் கழற்றிப் போட்டுவிட்டு, சோப்புப் போட்டுக் குளித்துவிட்டுத்தான் வெளியே போக வேண்டும் என்பது அங்கே கண்டிப்பான சட்டம். தூசி வீட்டுப் பிள்ளைகளுக்கு ஆகாது என்று சொன்னார்களாம். நல்ல சட்டம்தான். அந்த உடுப்புகள் எல்லாம் சாக்கில் கட்டப்பட்டு வாரம் மூன்று முறை ஹபிபுல்லாவின் லாண்டரிக்கு வந்தன.

சாக்கைப் பிரித்தால் சாம்பல் நிறத்தில் ஒரு தூள் பறந்தது. மாவைவிடச் சன்னமான தூள். அது பக்கத்தில் காயும் ஓட்டல் விரிப்புகளின் மேல் படிந்து கறையாக்கியது. இரண்டு முறை ஓட்டல்காரர்கள் திருப்பி அனுப்பிய பிறகு ஹபிபுல்லா ஒரு ஏற்பாடு செய்தார். குடோனின் கோடியில் இருந்த சின்ன அறையைக் காலி செய்து, ஜன்னலை அட்டை வைத்து அடைத்து, கதவை எப்போதும் சாத்தியே வைக்கச் சொன்னார். கம்பெனித் துணிகளை அங்கே கொண்டுபோய்ப் பிரித்து, பைகளைத் துழாவி, ஆணி, பீடி, தீப்பெட்டி எல்லாவற்றையும் எடுத்துவிட்டு, ஒவ்வொன்றாக நன்றாக உதறித் தூளைக் கொட்டி, பிறகுதான் தொட்டிக்கு அனுப்ப வேண்டும். தூளோடு போட்டால் தண்ணீர் சகதியாகிவிடும் அல்லவா? அதற்கு உதறல் ரூம் என்று பெயர் வந்துவிட்டது.

அந்த ரூம் வேலைக்குப் பெண்களிடையே போட்டி. காரணம் எளிது. கை நனைய வேண்டாம். ஒரு பலகை போட்டு உட்கார்ந்தே செய்யலாம்.

அறுபத்தெட்டில் கங்கம்மாள் கர்ப்பமானாள். மூன்றாவது மாதம் தொட்டியடியில் கால் வழுக்கி உட்கார்ந்துவிட்டாள். அடி எதுவும் இல்லை. ஆனால் ஹபிபுல்லா பதறிப்போனார்.

"முழுவாம கீற பொண்ணு இந்த ஈரத்துல நிக்கவே கூடாது. ஒண்ணு கிடக்க ஒண்ணு ஆச்சுன்னா நான் நாகமுத்துக்கு இன்னா பதில் சொல்றது? நீ போயி உதறல் ரூம்ல குந்தும்மா. இனிமே உனக்கு அங்கதான் வேலை."

மற்ற பெண்கள்கூட முணுமுணுக்கவில்லை. கர்ப்பிணிக்கு அது நியாயம் என்று எல்லோருக்கும் பட்டது. கங்கம்மாள் அன்று சாயங்காலம் திருமலையிடம், "பாய் தங்கமான மனுசன்" என்று சொன்னாள்.

ஐந்தாம் மாதம் கரு கலைந்தது.

உடம்பு தேறட்டும் என்று ஹபிபுல்லா அவளை அந்த ரூமிலேயே வைத்துக்கொண்டார். அறுபத்தொன்பது கடைசியில் மறுபடி உண்டானாள். அது நான்கு மாதம்கூடத் தங்கவில்லை. எழுபத்தொன்றில் மூன்றாவது. அதற்கும் அதே கதி. உப்புக் காற்றில் வளர்ந்த உடம்பு, பிள்ளை தங்காது என்று தெருவில் பேசினார்கள். திருமலைக்கு இன்னொரு பெண்ணைப் பார்க்கலாம் என்று அவன் சித்தப்பா ஒரு நாள் வந்து பேச்செடுத்தார். திருமலை எழுந்து மில்லுக்குப் போய்விட்டான். அதுதான் அவன் சொன்ன பதில். ஆனால் அந்த வருஷத்திலிருந்து ஆடி மாதம் பெரியபாளையத்து அம்மன் கோயிலுக்குப் போவதை நிறுத்திவிட்டான். வேப்பிலை கட்டிக்கொண்டு கோயிலைச் சுற்றிவந்து வேண்டிக்கொண்டவள் அவள். சாமியிடம் கோபித்துக்கொண்டவன் அவன்.

அவளுக்கு வயிற்று வலியும் ஆரம்பித்திருந்தது. பிழிந்து எடுக்கும் வலி. வந்தால் முழங்காலை நெஞ்சோடு கட்டிக்கொண்டு உருளுவாள். பசி செத்துப்போயிற்று. எதைத் தின்றாலும் வாயில் ஒரு அசட்டுத் தித்திப்பு. முகம் வெளுத்துக்கொண்டே வந்தது. திருவள்ளூர் போய் வீரராகவர் கோயில் குளத்தில் வெல்லம் கரைத்துவிட்டு வந்தாள். வெல்லம் கரைவதுபோல் நோய் கரையும் என்று எல்லோரும் செய்வதுதான். மத்தியான வேளையில் அந்த ரூமிலேயே, காய்ந்த இடமாயிற்றே என்று, டிபன் டப்பாவைத் திறந்து வைத்துக்கொண்டு சாப்பிட்டாள்.

அந்த வருஷங்களில் அவளுக்கு இருந்த ஒரே சந்தோஷம் கோவிந்தம்மா. திருமலையின் தம்பி கலியனுக்கு வாழ்க்கைப்பட்டு எழுபதில் திருவாலங்காட்டிலிருந்து வந்தவள். ஓரகத்திகளுக்குள் ஆகாது என்று ஊர் சொல்லும். இவர்கள் இருவரும் ஒரே அடுப்பில் சமைத்தார்கள். கோவிந்தம்மா சத்தமாகச் சிரிப்பாள். சிரித்தால் பக்கத்து வீட்டுக் குழந்தை எழுந்துவிடும். "அக்கா, அக்கா" என்று சுற்றிச் சுற்றி வருவாள். கங்கம்மாள்தான் அவளை லாண்டரியில் சேர்த்துவிட்டாள். இருவரும் ரயில் பாதையோரம் பேசிக்கொண்டே நடந்து போவார்கள். கரு கலைந்து கங்கம்மாள் படுத்துக் கிடந்த நாட்களில் கஞ்சி காய்ச்சிக் கொடுத்தவளும், தலைவாரிப் பின்னிவிட்டவளும் அவள்தான்.

எழுபத்திரண்டு பங்குனியில் கோவிந்தம்மா வெட்கத்தோடு வந்து நின்றாள்.

"அக்கா, எனக்கு நாளு தள்ளிக்கினு போவுது."

கங்கம்மாள் அவளைக் கட்டிக்கொண்டாள். உள்ளே ஏதோ ஒன்று சுருக்கென்றது உண்மைதான். ஆனால் அது ஒரு கணம்தான். மறுநாள் காலை நேராக ஹபிபுல்லாவிடம் போனாள்.

"பாய், கோவிந்தம்மா முழுவாம கீறா. தொட்டியாண்ட நிக்க வேணாம். என் எடத்த அவளுக்குக் குடுங்க. நான் தொட்டிக்குப் போறேன்."

"உன் ஒடம்பு இருக்கற இருப்புக்கு நீ சோடாத் தண்ணியில நிக்கப் போறியா?"

"எனக்கு இன்னா பாய், நான் எப்டியோ இருந்துட்டுப் போறேன். அவளுக்காவது தங்கட்டும்."

ஹபிபுல்லா தயங்கினார். அவள் விடவில்லை. அவர் ஒப்புக்கொண்ட பிறகு, தானே கோவிந்தம்மாவைக் கையைப் பிடித்து அந்த ரூமுக்குள் கூட்டிப் போனாள். பலகையின் மேல் ஒரு பழைய போர்வையை மடித்துப் போட்டு, சாய்ந்துகொள்ள ஒரு மூட்டையை நகர்த்தி வைத்தாள்.

"இங்க குந்து. மெதுவா செய்யி. குனியாத. எதுனா வேணும்னா என்னைக் கூப்புடு."

"நீ ஈரத்துல நிப்பியேக்கா?"

"நான் ஏரிக்காரிடீ. எனக்குத் தண்ணி இன்னா புதுசா?"

அதற்கப்புறம் ஆறேழு மாதம் கங்கம்மாள் தொட்டியில் நின்றாள். விரலிடுக்குகள் மறுபடி புண்ணாயின. ஆனால் வயிற்று வலி குறைந்தது. பசி எடுத்தது. வெல்லம் கரைத்தது பலித்துவிட்டது என்று நினைத்துக்கொண்டு, வீரராகவர் இருக்கும் திசை பார்த்துக் கும்பிட்டாள்.

கோவிந்தம்மாவுக்கு எட்டாம் மாதத்திலேயே வலி கண்டது. ஆண் குழந்தை. உள்ளங்கை இரண்டையும் சேர்த்தால் அடங்கிவிடும் அளவு. அழக்கூடத் தெம்பில்லை, பூனைக்குட்டிபோல் முனகியது. கங்கம்மாள் அதைப் பஞ்சில் சுற்றி, தன் வயிற்றோடு அணைத்துச் சூடு கொடுத்துக்கொண்டே உட்கார்ந்திருந்தாள். வேலைக்குப் போகவில்லை. ஒன்பது நாள். ஒன்பதாம் நாள் மத்தியானம் அதற்கு வலிப்பு வந்தது. கையும் காலும் ஒரு தரம் விறைத்து, தளர்ந்து, மறுபடி விறைத்தன. பொன்னேரி ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்று கலியன் வண்டி கொண்டுவருவதற்குள் முடிந்துவிட்டது. பெயர்கூட வைக்கவில்லை.

கோவிந்தம்மா சிரிப்பதை நிறுத்திக்கொண்டாள். ஒன்றரை மாதம் கழித்து வேலைக்கு வந்தபோது, "அந்த ரூமுல என்னால குந்த முடியாதுக்கா. வயித்துல அது ஒதச்சுக்கினு இருந்ததெல்லாம் ஞாபகம் வருது" என்றாள். அவள் தொட்டிக்குப் போனாள். கங்கம்மாள் பழையபடி உதறல் ரூமுக்குப் போனாள்.

எழுபத்துநாலு மழைக்காலத்தில் அவள் கை விழுந்தது. முதலில் நடுவிரலும் மோதிர விரலும் நிமிர மறுத்தன. பிறகு ஒரு நாள் காலையில் தோசை திருப்பப் போனபோது வலது மணிக்கட்டு துவண்டு தொங்கியது. வலி இல்லை. தூக்கு என்று அவள் சொல்கிறாள், கை கேட்கவில்லை. உதறி உதறி நரம்பு சுளுக்கிக்கொண்டது என்று எண்ணெய் தேய்த்துக் கட்டுப் போட்டுவிட்டார்கள். அவள் இடது கையால் உதறினாள்.

கம்பெனிக்கு வெளுத்த துணியைக் கொண்டுபோய் எண்ணிக் கொடுக்க வாரம் ஒருத்தி வேனில் போக வேண்டும். அந்த வாரம் கங்கம்மாளின் முறை. துணிக் கிடங்குக்குப் பக்கத்து அறையில் கம்பெனி நர்ஸ் உட்கார்ந்திருந்தாள். மேரி என்று பெயர். நாற்பது வயதிருக்கும். தகட்டு வேலையாட்கள் வரிசையாக நின்று சோதனைக்கு ரத்தம் கொடுத்துவிட்டு, ஆளுக்கு ஒரு டம்ளர் பால் குடித்துவிட்டுப் போனார்கள். கங்கம்மாள் ஒரு துணிக்கட்டை இடது கையால் தூக்கி, துவண்ட வலது கையால் தாங்க முயல, கட்டு சரிந்து கீழே விழுந்தது.

மேரி எழுந்து வந்தாள்.

"கையில என்னம்மா?"

"சுளுக்கு, சிஸ்டர்."

"ரெண்டு கையையும் முன்னால நீட்டு பார்க்கலாம்."

நீட்டினாள். வலது கை மடிந்து தொங்கியது. இடது கையும் லேசாகத் தாழ்ந்தது. மேரியின் முகம் மாறியது. "வாயைத் திற" என்று சொல்லி, கீழுதட்டை விரலால் இழுத்துப் பார்த்தாள். பல் ஈறின் ஓரமெல்லாம் மை கொண்டு கோடு போட்டதுபோல் நீலம் பாய்ந்திருந்தது.

"நீ எந்த செக்ஷன்ல வேலை செய்யறே?"

"நான் கம்பெனி ஆளு இல்ல சிஸ்டர். லாண்டரி. இந்தத் துணிய உதறுவேன்."

"உதறுவியா? எத்தனை வருஷமா?"

"ஆறு வருசம் இருக்கும். நடுவுல கொஞ்ச நாளு தொட்டியில இருந்தேன்."

மேரி பால் அண்டாவிலிருந்து ஒரு டம்ளர் மொண்டு அவள் கையில் கொடுத்தாள். "இதைக் குடி. நாளைக்கே உன் புருஷனைக் கூட்டிட்டு மெட்ராஸ் பெரியாஸ்பத்திரிக்குப் போ. நான் ஒரு சீட்டு எழுதித் தர்றேன். இங்க இருக்கற டாக்டர் உன்னைப் பார்க்கமாட்டார்மா. நீ எங்க ரிஜிஸ்டர்ல இல்ல" என்றாள்.

பெரியாஸ்பத்திரியில் ஐந்து வாரம் வைத்திருந்தார்கள். ஊசி போட்டார்கள், ரத்தம் எடுத்தார்கள், மாணவர்கள் கூட்டமாக வந்து அவள் ஈறைப் பார்த்துவிட்டுப் போனார்கள். பெரிய டாக்டர் நிதானமானவர். இரண்டாவது வாரம் ஒரு நாள் காலை கட்டிலருகே ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். திருமலை கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

"உன் உடம்புல காரீயம் சேர்ந்திருக்கும்மா. அந்தத் தூள் மூச்சு வழியாகவும் சாப்பாடு வழியாகவும் உள்ளே போயிருக்கு."

"ஈயமா? ஈயச் சொம்புலயே ரசம் வெக்கிறாங்களே டாக்டர்?"

"அது வெள்ளீயம். அது வேற. இது விஷம்." அவர் காகிதத்தைப் புரட்டினார். "வயித்து வலி நடுவுல எப்பவாவது குறைஞ்சுதா?"

"ஒரு ஆறேழு மாசம் நல்லா இருந்துச்சு. திருவள்ளூர் கொளத்துல வெல்லம் போட்டேன்."

"அப்போ என்ன வேலை செஞ்சுகிட்டிருந்தே?"

"தொட்டியில நின்னேன்."

டாக்டர் தலையசைத்தார். "குழந்தைங்க?"

"மூணு. ஒண்ணும் தங்கல."

அவர் பேனாவைக் கீழே வைத்தார். அதைப் பார்த்ததும் கங்கம்மாளுக்குப் புரிந்துவிட்டது. ஆனாலும் கேட்டாள். "அதுக்கும் இதான் காரணமா டாக்டர்?"

"காரீயம் அப்படித்தான் செய்யும்மா. கருவைத் தங்க விடாது. தங்கினாலும் குழந்தை நோஞ்சானா பிறக்கும், வலிப்பு வரும்."

அவர் அவளுடைய மூன்று கருக்களைப் பற்றித்தான் பேசினார். அவள் காதில் விழுந்தது கடைசி வார்த்தை மட்டும்தான். வலிப்பு. அவள் கண் முன்னால் அந்த அறையும், பலகையின் மேல் தான் மடித்துப் போட்ட போர்வையும் வந்து நின்றன. கட்டிலின் கம்பியை இடது கையால் பிடித்துக்கொண்டு, "ஐயோ, நான்தானே குந்த வெச்சேன், நான்தானே குந்த வெச்சேன்" என்று சொல்லிக்கொண்டேயிருந்தாள். டாக்டருக்கு விளங்கவில்லை. திருமலைக்கு விளங்கியது. அவன் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

ஆஸ்பத்திரியை விட்டு வந்த அன்று பாசஞ்சர் ரயிலில் அவன் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தான். மீஞ்சூர் தாண்டியதும், "இத்தினி வருசமா ஆத்தா மேல கோவிச்சுக்கினு இருந்தனே" என்றான். பிறகு, "கலியன் பொண்டாட்டிக்கு நீ சொல்லாத. இன்னாத்துக்கு..." என்று பாதியில் நிறுத்தினான்.

அவள் சொல்லிவிட்டாள். சொல்லாமல் அவளால் ஒரே அடுப்பில் சமைக்க முடியவில்லை. இரண்டு நாள் கழித்து, கிணற்றடியில் கோவிந்தம்மா பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தபோது, பக்கத்தில் உட்கார்ந்து, டாக்டர் சொன்னதை ஒன்றுவிடாமல் சொன்னாள். கோவிந்தம்மா சாம்பல் கையோடு கேட்டுக்கொண்டிருந்தாள்.

"அப்ப என் புள்ளை?"

"ஆமாண்டி."

"நான் தொட்டியிலயே நின்னிருந்தா?"

கங்கம்மாள் ஒரு பாத்திரத்தை இழுத்து இடது கையால் துலக்க ஆரம்பித்தாள்.

"நீதானேக்கா கையப் புடிச்சு இட்டுக்கினு போய்க் குந்த வெச்ச."

"தெரியாதுடி. சத்தியமா எனக்குத் தெரியாதுடி."

"தெரியாதுன்னு எனக்கும் தெரியும்" என்றாள் கோவிந்தம்மா. திட்டவில்லை, அழவில்லை. பாத்திரங்களை அலம்பி அடுக்கினாள். தன்னுடையதைத் தனியாக, கங்கம்மாளுடையதைத் தனியாக. மறுநாளிலிருந்து தனி அடுப்பு. அடுத்த மாதம் கலியனையும் கூட்டிக்கொண்டு திருவாலங்காட்டுக்குத் தாய் வீட்டோடு போய்விட்டாள். போகும்போது சொல்லிக்கொண்டு போனாள். அது ஒன்றும் குறையில்லை.

ஹபிபுல்லா கங்கம்மாள் வீட்டுக்கு வந்தார். உள்ளே வரச் சொல்லியும் வராமல் வாசலிலேயே குல்லாவைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றார். அதற்குள் மேரியிடமே போய் எல்லாவற்றையும் கேட்டு வந்திருந்தார்.

"கதவச் சாத்தி வெச்சது நான். ஜன்னல அடைச்சது நான். வெள்ளைத் துணி பாழாவுதேன்னு பார்த்தேனே தவிர, உள்ள ஒரு உசுரு குந்திக்கினு இருக்கேன்னு பார்க்கலியே" என்றார். "நாகமுத்து இருந்தா என்னை இன்னா கேட்டிருப்பாரு?"

"நீங்க எனக்கு நல்லதுன்னுதான் பாய் செஞ்சீங்க" என்றாள் கங்கம்மாள். அதை அவருக்காகச் சொன்னாளா, தனக்காகச் சொன்னாளா என்று அவளுக்கே தெரியவில்லை.

அவர் கம்பெனித் துணி இனி வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டார். லாண்டரி பாதியாகச் சுருங்கியது. ஏழு பெண்களுக்கு வேலை போயிற்று. அவர்களில் இரண்டு பேர் தெருவில் கங்கம்மாளைப் பார்த்தால் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்கள். அவள் ஆஸ்பத்திரிக்குப் போகாமல் இருந்திருந்தால் தங்கள் பிழைப்பு கெட்டிருக்காது என்று அவர்கள் நினைத்தார்கள். பேக்டரி இன்ஸ்பெக்டர் ஒருவர் வந்து, காலியாக இருந்த உதறல் ரூமைப் பார்த்து, ஜன்னலைத் திறக்கச் சொல்லிவிட்டுப் போனார்.

துணிகள் எங்கேயோ போகத்தானே வேண்டும்? திருவள்ளூரில் ஒரு லாண்டரிக்குப் போகின்றன என்று மேரி மூலம் தெரியவந்தது. அதைக் கேட்டதிலிருந்து கங்கம்மாளுக்கு இருப்புக் கொள்ளவில்லை. ஒரு நாள் காலை திருமலையிடம் சொல்லிக்கொண்டு பஸ் ஏறினாள். ஸ்டேஷன் ரோட்டில் விசாரித்து அந்த இடத்தைக் கண்டுபிடித்தாள். பின்பக்கக் கொட்டகையில் நான்கு பெண்கள் தரையில் உட்கார்ந்து நீலச் சட்டைகளை உதறிக்கொண்டிருந்தார்கள். வெயில் ஓட்டை வழியாக விழுந்த இடத்தில் தூள் மினுமினுத்தது.

"உதறாதீங்கம்மா" என்றாள் கங்கம்மாள்.

நான்கு பேரும் நிமிர்ந்து பார்த்தார்கள். அவள் தொங்கும் கையை நீட்டிக் காட்டினாள். உதட்டை இழுத்து ஈறைக் காட்டினாள். தன்னுடைய மூன்றையும் கோவிந்தம்மாவின் ஒன்றையும் சொன்னாள். சொல்லி முடிப்பதற்குள் மேனேஜர் ஓடிவந்தான். "அந்த பாய் அனுப்பிச்ச ஆளா நீ? ஆர்டர் போச்சுன்னு எங்களாண்ட வந்து பேஜாரு பண்றியா? கெளம்பு, கெளம்பு!" என்று கத்தினான்.

அவள் நகரவில்லை. அந்தப் பெண்களில் மூத்தவளான ஜானகியம்மாள், "கொஞ்சம் இருங்க சார்" என்று எழுந்தாள். கங்கம்மாளின் கையைத் தூக்கிப் பார்த்தாள். விட்டதும் அது விழுந்தது.

"உதறாம எப்டிம்மா தொவைக்கிறது?"

"மூட்டையோட தண்ணியில முக்கிடுங்க. நனைஞ்சப்புறம் பிரிங்க. சகதியாவும், தண்ணி ரெண்டு தடவ மாத்தணும், ஆனா தூளு பறக்காது. மூக்கையும் வாயையும் துணியால கட்டிக்குங்க. சோறு இங்க துண்ணாதீங்க. ஊட்டுக்குப் போறதுக்கு முன்ன குளிச்சுட்டுப் போங்க."

மேனேஜர் அவள் தோளைப் பிடித்து வெளியே தள்ளினான். கேட்டுக்கு வெளியே நின்று அவள் திரும்பிப் பார்த்தபோது, ஜானகியம்மாள் ஒரு வாளித் தண்ணீரைத் தூக்கிக் குவியலின் மேல் ஊற்றுவது தெரிந்தது. அடுத்த நாளும் ஊற்றினாளா, அடுத்த மாதமும் ஊற்றினாளா என்று கங்கம்மாளுக்குத் தெரியாது. அதன் பிறகு அவள் அங்கே போகவில்லை.

கை ஓரளவு தேறியது. ஒரு கைப்பிடி அரிசியை அள்ள முடியும். குடத்தைத் தூக்க முடியாது. டாக்டர், பிள்ளை பெறுவதற்கு இரண்டு மூன்று வருஷம் போகட்டும், பிறகு பார்க்கலாம் என்று சொல்லியிருந்தார். வருஷங்கள் போயின. ஒன்றும் உண்டாகவில்லை. திருமலை மறுபடி ஆடி மாதம் பெரியபாளையம் போக ஆரம்பித்தான். என்ன வேண்டிக்கொள்கிறான் என்று அவள் கேட்டதில்லை.

எழுபத்தேழில் கோவிந்தம்மாவுக்குப் பெண் குழந்தை பிறந்தது. முழு மாதத்தில், நல்ல எடையோடு. கலியன்தான் வந்து சொன்னான். பேர் வைக்கும் விசேஷத்துக்கு அழைக்கவில்லை. நான்கு மாதம் கழித்து, "அக்காவைக் கூட்டிக்கினு வா" என்று கோவிந்தம்மா சொல்லியனுப்பினாள்.

கங்கம்மாள் இருப்பதிலேயே நல்ல புடவையை உடுத்திக்கொண்டு, ஒரு கிலுகிலுப்பையும் சின்னப் பாவாடையும் வாங்கிக்கொண்டு, பஸ்ஸில் திருவள்ளூர் போய், அங்கே ரயில் ஏறி, மத்தியானம் மூன்று மணிக்குத் திருவாலங்காட்டில் இறங்கினாள். கோவிந்தம்மா கொஞ்சம் பருத்திருந்தாள். "வாக்கா" என்றாள். மடியில் குழந்தை கண்ணை அகல விழித்துக்கொண்டு, காலை உதைத்துக்கொண்டிருந்தது. கங்கம்மாளால் அதன்மேலிருந்து கண்ணை எடுக்க முடியவில்லை.

"இங்க குடு. என் கண்ணு, பெரியம்மாவப் பார்க்கிறியா நீ?" என்று இரண்டு கையையும் நீட்டினாள்.

கோவிந்தம்மாவின் உடம்பு தன்னையறியாமல் பின்னுக்கு நகர்ந்தது. குழந்தையை இறுக்கிக்கொண்டாள்.

"கை கழுவிக்கினு வாக்கா" என்றாள் மெதுவாக. "பின்னால தொட்டியில தண்ணி கீது. சோப்பும் கீது."

மூன்று வருஷமாகக் கங்கம்மாள் அந்தத் துணியைத் தொட்டதில்லை. அதைச் சொல்லலாம் என்று வாயெடுத்தாள். சொல்லவில்லை. எழுந்து பின்கட்டுக்குப் போனாள். சோப்புப் போட்டு முழங்கைவரை கழுவினாள். நகக்கண்களைத் தேய்த்தாள். மறுபடி ஒரு தடவை சோப்புப் போட்டாள். முகத்தையும் கழுவிக்கொண்டாள். புடவைத் தலைப்பில் துடைக்காமல் கைகளைக் காற்றில் நீட்டிக் காய வைத்துக்கொண்டு திரும்பி வந்தாள்.

அதற்குள் குழந்தை தாய் மடியில் தூங்கிவிட்டிருந்தது.

"இப்பதான் கண்ண மூடுச்சு. எழுந்ததும் தர்றேன்க்கா" என்றாள் கோவிந்தம்மா. அவள் கண்கள் கலங்கியிருந்தன.

"தூங்கட்டும். எழுப்பாத."

கங்கம்மாள் பக்கத்தில் உட்கார்ந்து குழந்தையின் வயிறு ஏறி இறங்குவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். இருவரும் அதிகம் பேசவில்லை. மில் பற்றி, மழை பற்றி இரண்டு வார்த்தை. ஐந்தரை மணி பாசஞ்சரை விட்டால் அன்று ஊர் போய்ச் சேர முடியாது. ஐந்து அடித்து ஐந்து நிமிஷம்வரை பார்த்தாள். குழந்தை எழவில்லை. பாவாடையை அதன் காலடியில் வைத்துவிட்டு, கிலுகிலுப்பை சத்தம் போட்டுவிடாமல் அதைத் துணியில் சுற்றி ஓரமாக வைத்துவிட்டு, "வர்றேன் கோவிந்தம்மா" என்று சொல்லி எழுந்து ஸ்டேஷனை நோக்கி நடந்தாள்.